பின்னறையில் பூட்டி வைத்தது

தீவுக்கு வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. இங்கே எதுவும் காயாது. டப்பாவில் கொட்டிய உப்பு கட்டிதட்டிப் போயிற்று. தீக்குச்சியை உரசினால் மருந்து நசுங்கியதே தவிர நெருப்பு வரவில்லை. காலையில் துவைத்துப் போட்ட துணியை மாலையில் தொட்டால் ஈரம். மறுநாள் தொட்டால் ஈரத்தோடு ஒரு வாடையும் சேர்ந்திருந்தது. கணவரின் தோல் செருப்பில் பச்சையாக என்னவோ படர்ந்திருப்பதைப் பார்த்து, "என்னங்க, செருப்புல பயிர் மொளச்சிருக்கு. தண்ணி ஊத்தவா, வேண்டாமா?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. கடற்கரை ஓட்டல் ஒன்றில் ஏசி மெக்கானிக் வேலை என்று அவரைக் கூட்டி வந்திருந்தார்கள். வந்து பார்த்தால் உப்புக்காற்றில் பாதி ஏசிகள் துருவேறிக் கிடந்தன. மனிதருக்குச் சிரிக்க நேரமில்லை.

"ரெண்டே வருஷம். பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்துட்டுக் கெளம்பிடலாம்" என்றுதான் அவர் சொல்லியிருந்தார். அந்த ரெண்டை நம்பித்தான் அவள் மகளை ஊரில் விட்டு வந்தாள். தீவில் இருந்த ஒரே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகள் மட்டுமே. அதுவும் தெரியாத பாஷையில். மகளுக்கு அப்போது ஏழு வயது. மகளுக்குப் பெரியம்மா, இவளுடைய சொந்த அக்காள், வீட்டில் மூத்தவள், பிள்ளை இல்லாதவள், "என்கிட்ட விடு. நான் பாத்துக்க மாட்டேனா?" என்றாள். கிளம்பும் நேரத்தில் மகள் வாசலில் யாரோடோ பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். "அம்மா போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டதற்கு, ஒற்றைக்காலில் நின்றபடியே தலையாட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவினாள். அழுது புரண்டிருந்தாலும் பெற்றவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால், சில மாதத்தில் அதே ஓட்டலின் சலவைப் பிரிவில் சேர்ந்தாள். விரிப்புகள், துண்டுகள், தலையணை உறைகள் என்று நாள் முழுக்க வெள்ளைத் துணியோடு மல்லுக்கட்டு. கூட வேலை பார்த்த தமிழ்ப் பையன்கள் முதலில் "லாண்டரி அக்கா" என்றார்கள். தலையில் நரை எட்டிப் பார்த்ததும் கேட்காமல் கொள்ளாமல் "லாண்டரியம்மா" ஆக்கிவிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளோ என்னவோ.

சலவையில் அவள் கெட்டிக்காரி. அந்த ஈரக்காற்றில் துணியை எப்படி வைத்தால் கெடாமல் நிற்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போடக்கூடாது. கதவை முழுக்கச் சாத்தக்கூடாது. உள்ளே ஒரு குண்டு பல்பு எப்போதும் எரிய வேண்டும். அடியில் இருக்கிற விரிப்பை வாரம் ஒரு தடவை மேலே எடுத்துப் போட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நிற்க வைத்து, "துணிய மூச்சு முட்ட அடைக்காதீங்க. காத்து போகணும். அடச்சி வச்சீங்கன்னா பூசணம் பூத்துடும்" என்று படித்துப் படித்துச் சொல்வாள். மேனேஜரே அவளிடம் கேட்டுத்தான் அலமாரி வாங்குவார்.

வீட்டுக்கு வந்தால் அத்தனையும் மறந்துபோகும் என்பதுதான் விஷயம்.

இரண்டு வருஷம் முடிந்தபோது இன்னும் இரண்டு என்றார்கள். அதன்பின் யாரும் எண்ணவில்லை. அவர்கள் இருந்தது மூன்று அறை வாடகை வீடு. முன்னறையில் பாய், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் சமையல். பின்னறை பூட்டிக் கிடக்கும். கட்டில் வாங்கலாம் என்று கணவர் சொன்னபோது, "போற எடத்துல வாங்கிக்கலாம். இங்க எதுக்கு?" என்று வாயை அடைத்துவிட்டாள். வீட்டுக்காரம்மா தீவுக்காரி, ஆஜானுபாகுவான பெண்மணி. மண்தொட்டியோடு இரண்டு செடி கொண்டுவந்து வாசலில் வைத்தாள். "நாங்க போறவங்க" என்று சொல்லி அதையும் திருப்பிக் கொடுத்தாள் லாண்டரியம்மா. வீட்டுக்காரம்மா தன் பாஷையில் சொன்னதைக் கணவர் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்: "நீ போறவ, போறவன்னு சொல்லிக்கிட்டே இருக்க. அதுக்குள்ள அவங்க பேரன் படிச்சி முடிச்சி வேலைக்கே போயிட்டானாம்."

பின்னறையில் இருந்தது எல்லாம் ஊருக்குப் போக வேண்டியவை. ஊரில் தனி வீடு எடுத்து மகளைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளும் நாளுக்காகச் சேர்த்தவை. அவளுக்கென்று ஒரு மேஜை விளக்கு, பூப்போட்ட ஜன்னல் திரை, போர்வை, பள்ளிப் பை. எல்லாவற்றையும்விட முக்கியம் கவுன்கள். சரக்குக் கப்பல் வந்த மறுநாள் கடைத்தெருவுக்குப் போய், பிறந்தநாளுக்கு ஒன்று, பரீட்சை முடிந்ததற்கு ஒன்று என்று வாங்குவாள். பாஷை சரளமாக வராததால் அளவைக் கையால்தான் சொல்வாள். தன் இடுப்புக்குச் சற்று மேலே உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்து, இவ்வளவு உயரம் என்பாள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார்.

அதை அப்போதைக்கப்போது ஊருக்கு அனுப்பியிருக்கலாமே என்று கேட்கலாம். எட்டாவது பிறந்தநாளுக்கு வாங்கிய முதல் கவுனை அனுப்பத்தான் செய்தாள். வெள்ளையில் மஞ்சள் பொத்தான் வைத்தது. அடுத்த தடவை போனில், "பாப்பா போட்டுக்கிட்டாளா?" என்று கேட்டாள். மூத்தவள் சற்றுத் தயங்கி, "அவளுக்கு அது சின்னதா இருந்துச்சிடி. எதிர் வீட்டுக் கொழந்தைக்குக் குடுத்துட்டேன்" என்றாள். லாண்டரியம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பெற்றவள் வாங்கி அனுப்பியதைத் தூக்கி யாருக்கோ கொடுக்க இவள் யார் என்று மனசு கொதித்தது. வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி என் கையால்தான் கொடுப்பேன் என்று வைராக்கியம் எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு வாங்கி வைத்திருந்த அடுத்த கவுனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, டேப் ஒட்டி, அட்டைப்பெட்டியில் அந்துருண்டையோடு அடுக்கினாள். பிறகு வந்ததெல்லாம் அப்படியே போயிற்று.

அவள் வளர்ந்த ஊரில் எதிரி புழுதி. நல்ல துணியை இறுக்கிச் சுற்றி, காற்றுப் புகாமல் பெட்டியில் வைப்பார்கள். பல வருஷம் கழித்து எடுத்தாலும் மடிப்புக் கலையாமல் இருக்கும். அந்தப் பழக்கம்தான் பின்னறையில் வேலை செய்தது. ஓட்டல் துணி தீவுத் துணி. அதற்குத் தீவின் முறை. மகளின் துணி ஊர்த் துணி. அந்த அறை தீவில் இல்லை என்பதுதான் அவள் நினைப்பு. பகலெல்லாம் பிறருக்குப் பாடம் எடுத்துவிட்டு, மாலையில் அதே கையால் டேப் ஒட்டுகிறோமே என்று ஒருநாள்கூட உறைக்கவில்லை.

வீட்டுக்காரம்மாவுக்கு உறைத்தது. வாடகைக்கு வரும்போதெல்லாம் ஜன்னல்களைத் தள்ளித் திறந்துவிட்டு, பின்னறை வாசலில் நின்று மூக்கைச் சுளிப்பாள். "உள்ள என்ன வச்சிருக்க? வாடை வருது. தெறந்து போடு" என்பாள். அந்த அளவு பாஷை லாண்டரியம்மாவுக்குப் புரியும். புரியாதது போல நின்றுவிட்டு, அவள் போனதும், "எல்லாத்துலயும் மூக்க நொழைக்கணும் இந்த அம்மாவுக்கு" என்று முணுமுணுத்தபடி இன்னொரு பூட்டையும் வாங்கி மாட்டினாள். புதுப் பெட்டி வைக்கப் போகும்போது மட்டும் கதவைத் திறப்பாள், வாசலை ஒட்டியே அடுக்கிவிட்டு உடனே சாத்துவாள். உள்ளே போய்ப் பழைய பெட்டி எதையும் பிரித்ததில்லை. பிரித்தால் அழுகை வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஊருக்குப் போனது இரண்டே தடவை. ஒன்று ஆரம்பத்தில், பெட்டிகள் சேருவதற்கு முன்பு. மற்றொன்று மாமனார் சாவுக்கு, போட்டது போட்டபடி ஓடியது. வந்த கூட்டத்தில் மகளோடு நாலு வார்த்தை பேச முடியவில்லை. மற்றபடி போன்தான். திரையில் மகளின் முகம் தெரியும், முகத்துக்குப் பின்னால் மூத்தவளின் சமையலறைச் சுவர் தெரியும். "சாப்டியா?" "சாப்டேன்." "படிக்கிறியா?" "ம்." அவ்வளவுதான் பேச்சு. இதற்கு மேல் என்ன கேட்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, என்ன சொல்வது என்று மகளுக்கும் தெரியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான், காலேஜ் முடித்த கையோடு மகள் ஒருநாள் தானாகக் கூப்பிட்டு, "ஒரு மாசம் அங்க வந்து இருக்கலாம்னு பாக்கறேன்" என்றாள்.

லாண்டரியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே மேனேஜரிடம் போய் நின்றாள். ஓட்டல் வரவேற்பில் ஆள் வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவிருந்தது. படித்த பெண், இங்கிலீஷ் பேசுவாள் என்றதும் அவர் சரி என்றார். ஒரு மாதம் என்று வருகிறவளை அப்படியே நிறுத்திக்கொள்ள வேண்டும். விட்டுப்போன வருஷங்களையெல்லாம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஈடுகட்டிவிட வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

"அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றார் கணவர்.

"பெத்தவ கேக்கணுமா?"

"வளத்தவளயாவது கேட்டியா?"

அவள் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

மகள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பின்னறையைத் திறந்தாள். அதை மகளின் அறையாக்கி, எல்லாப் பெட்டியையும் அவள் முன்னால் பிரித்து வைக்க வேண்டும். நீ இல்லாத ஒரு நாளும் நான் உன்னை மறந்து இருந்ததில்லை என்று வாயால் சொல்ல அவளுக்கு வராது. பெட்டிகள் சொல்லும் என்று நம்பியிருந்தாள்.

முதல் பெட்டியின் அட்டை கையோடு பிய்ந்து வந்தது. பையைக் கிழித்ததும் அடித்த வாடையில் அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துணி முழுக்கக் கறுப்புப் புள்ளி. அடுத்ததில் சாம்பல் நிறத்தில் பூசணம் அடை அடையாக. உதறினால் மடிப்பு மடிப்பாக இற்று விழுந்தது. பள்ளிப் பையின் வார் தொட்டதும் ஒடிந்தது. ஜன்னல் திரையில் பூ எது, பூசணம் எது என்று தெரியவில்லை. அடியிலிருந்து கடைசிவரை ஒரு பெட்டிகூடத் தப்பவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்தாள். பூசணம் ஏன் வந்தது, எப்படி வந்தது என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. அதுதான் அவளை அறைந்தது.

கணவர் வந்து பார்த்தார். பிய்ந்த அட்டைகளை ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "விடு. அவ வந்ததும் கூட்டிக்கிட்டுப் போய்ப் புதுசா வாங்கிக் குடுக்கலாம்" என்றார்.

"புதுசு வாங்கினா இன்னைக்கி வாங்கினதுதானே ஆகும்?" என்றாள் அவள். "அன்னைக்கி வாங்கினேன்னு எப்படித் தெரியும் அவளுக்கு?"

தேறாததையெல்லாம் கொல்லைப்பக்கம் போட்டுவிட்டு, பருத்திக் கவுன்களை மட்டும் பொறுக்கினாள். ஓட்டலில் எந்தக் கறையையும் எடுத்துவிடுகிற கை. கொதிக்க வைத்தாள், சோடா உப்புப் போட்டாள், பிளீச்சிங் தூளில் அளந்து அளந்து ஊற வைத்தாள். வாடை குறைந்தது. புள்ளி மட்டும் போவேனா என்றது. அதற்குள் மகள் வந்துவிட்டாள். வாளிகளை மூடிப் பின்கட்டில் ஒளித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

வந்து நின்றவள் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். கட்டிப்பிடித்தபோது லாண்டரியம்மாவின் தலை அவள் தோளில் இடித்தது. மகளிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. காலையில் எழுந்ததும் போர்வையை நாலு மூலை சேர்த்து மடித்து வைத்தாள். "ஃபிரிட்ஜத் தெறக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் திறந்தாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினாள். ஓட்டலில் வருஷக்கணக்காக விருந்தாளிகளைப் பார்த்தவளுக்கு விருந்தாளி யார் என்று அடையாளம் தெரியாதா? ஒவ்வொன்றும் நெஞ்சில் இறங்கிற்று. வேலை விஷயத்தை லாண்டரியம்மா ஒருநாள் போட்டு உடைத்தாள். மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாக்கலாம்மா" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. லாண்டரியம்மா மட்டும் தினமும் மேனேஜரிடம், "யோசிக்கிறா சார். சேந்துடுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலைந்து நாள் விடாமல் பெய்த மழை ஒருநாள் காலையில் வெறித்தது. அப்பாவும் மகளும் ஓட்டலைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியதும், அவள் வாளிகளை இழுத்தாள். வெயிலில் காய்ந்தால் கறை இன்னும் கொஞ்சம் வெளுக்கும் என்று ஒரு நப்பாசை. கொல்லைக் கொடியில் ஒவ்வொன்றாகப் பிழிந்து உதறி, கிளிப் மாட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தொங்கவிட்டாள். போனவர்கள் மதியம்தான் வருவார்கள் என்றிருந்தாள். சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். பின்வாசலில் மகள் வந்து நிற்பதைக் கடைசிக் கிளிப்பை மாட்டும்போதுதான் பார்த்தாள்.

"யாரோடதும்மா இதெல்லாம்?"

மறைக்க இடமில்லை. "உன்னோடதுதான்" என்றாள். பிறகு பேச்சு தானாக வந்தது. பின்னறை, பெட்டிகள், ஊரில் எடுக்க இருந்த வீடு, இது ஒன்பதாவது பிறந்தநாளுக்கு, இது பத்தாவது படிக்கும்போது, இது காலேஜில் சேர்ந்தபோது என்று கொடியோடு நடந்துகொண்டே சொன்னாள். "எல்லாம் கெட்டுப்போச்சு. என் புத்திதான். அடச்சி வச்சேன்" என்று முடித்தாள்.

மகள் கொடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒருமுறை நடந்து போனாள். ஒன்றின் ஓரத்தைப் பிடித்து அடுத்ததன் ஓரத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"காலேஜ் சேந்தப்ப வாங்கினது எது?"

லாண்டரியம்மா காட்டினாள்.

"அம்மா, எல்லாம் ஒரே அளவா இருக்கு."

லாண்டரியம்மா திரும்பினாள். ஒவ்வொன்றாக வாங்கி ஒவ்வொன்றாக மூடியவள், எல்லாவற்றையும் சேர்த்து ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது வரிசையாகத் தொங்கின. எல்லாம் ஏழு வயதுப் பிள்ளைக்கு உள்ளவை. துண்டு ஒரு விரல் குட்டையாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அவளுடையது. அந்தக் கண்ணுக்குத்தான் இது படவில்லை. கடைக்காரரிடம் கையைக் கவிழ்த்துப் பிடித்த உயரம் அத்தனை வருஷமும் ஓர் அங்குலம் ஏறவில்லை.

"நான் வளரவே கூடாதுன்னு இருந்தீங்களா?" என்றாள் மகள். கோபமாகத்தான் கேட்டாள். பாதியில் குரல் உடைந்தது. "மொதல்ல ஒண்ணு அனுப்புனீங்களே, மஞ்ச பட்டன் வச்சது, அதுலயே எனக்குக் கை நொழையல. நொழையலன்னு அன்னைக்கெல்லாம் அழுதேன். இனிமே அது கண்ணுலயே படக் கூடாதுன்னு நான்தான் எதிர் வீட்டுல கொண்டுபோய்க் குடுத்தேன். உங்களுக்குத் தெரிஞ்சா கஷ்டப்படுவீங்கன்னு பெரியம்மா தானே குடுத்ததா சொல்லிட்டாங்க."

லாண்டரியம்மா கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கவுனை வைத்து மூத்தவளை எத்தனை வருஷம் மனசுக்குள் திட்டியிருக்கிறாள் என்று நினைத்தபோது கூசிப்போயிற்று.

"நான் இங்க இருக்கறதுக்கு வரலம்மா" என்றாள் மகள், கொஞ்சம் தணிந்து. "அங்கயே வேல கெடச்சிருக்கு. பெரியம்மாவ விட்டுட்டு என்னால வர முடியாது. அத நேர்ல வந்து சொல்லணும்னுதான் வந்தேன். வந்த நாள்லேர்ந்து சொல்ல வாய் வரல."

இது தனக்குத் தெரிந்துதான் இருந்தது என்று லாண்டரியம்மாவுக்குத் தோன்றியது. போர்வையை மடித்து வைத்த முதல் நாளே தெரிந்துவிட்டது. மேனேஜரிடம் போய்ப் போய்ச் சொன்னதெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதுதான். ஆனாலும் காதால் கேட்டபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மகள் பக்கத்தில் வரவில்லை. அங்கிருந்து போகவும் இல்லை.

அழுது ஓய்ந்தபின் லாண்டரியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து ஊட்டாத குறையாகக் கவனித்தாளே தவிர, இப்படி நின்று பார்க்கவில்லை. எலும்பு தெரிகிற அகலத் தோள். அப்பாவைப் போல நீளக் கை. புருவத்தின் ஓரத்தில் என்றைக்கோ விழுந்து ஆறிய ஒரு தழும்பு. எப்போது விழுந்தாள், யார் தூக்கினார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

"கொஞ்சம் கிட்ட வா" என்றாள். மகள் வந்தாள். முதுகைத் திருப்பி நிறுத்தி, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு விரல்களை விரித்துச் சாண் வைத்து அளந்தாள். தோளிலிருந்து மணிக்கட்டுக்கு அளந்தாள். கழுத்தை அளந்து பார்க்க அவள் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது. மகள் ஏன் என்று கேட்கவில்லை. அசையாமல் நின்று, கையை நீட்டச் சொன்னபோது நீட்டினாள்.

"உனக்கு என்ன கலர் புடிக்கும்?" என்று கேட்டாள் லாண்டரியம்மா. பதினைந்து வருஷமாகக் கடையில் நின்று தானாகவே எடுத்தவள், அதை இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டாள்.

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "சொன்னா சிரிக்கக் கூடாது" என்றாள்.